நல்ல தண்ணி

காலை ஏழு மணி. மொட்டை மாடித் தளம் இன்னும் சுடவில்லை. வெறுங்காலுக்கு இதமாக இருக்கிறது.

கடல் இங்கிருந்து தெரிவதில்லை. காற்றில் இருக்கிறது. உதட்டை நாக்கால் தொட்டால் கரிக்கிறது.

தெற்கே, முத்தையாபுரத்துப் பக்கம், உப்பு அம்பாரங்கள். சிலவற்றின் மேல் பனையோலை வேய்ந்திருக்கிறது. மற்றவை வெள்ளையாக, வெயிலுக்குத் திறந்தபடி.

சித்திரை மாதம். பள்ளிக்கூடம் இல்லை.

*

தரையில் ஓர் எவர்சில்வர் பேசின். ஒரு பித்தளைக் கிண்ணம். நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு மிஞ்சிய கண்ணாடித்தாள். நூல்கண்டு. கல்லுப்பு. ஒரு சிட்டிகை மஞ்சள்தூள்.

எடைக்கு ஒரு கல் வேண்டும். சின்னவன் ஒரு சிறிய சங்கைக் கொண்டுவந்து வைக்கிறான். அவனுக்குச் சங்கும் கல்தான்.

அவனுக்கு ஐந்து வயது. அவன் அக்காவுக்கு ஒன்பது. அண்ணனின் பிள்ளைகள்.

*

பெரியவளின் பாடப்புத்தகத்தில் ஒரு படம். கடல், மேகம், மலை, ஆறு. நடுவில் அம்புக்குறிகள். ஆவியாதல். ஆவி சுருங்குதல். மழைப்பொழிவு. மூன்றும் அவளுக்கு மனப்பாடம். கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறாள்.

அம்புக்குறிகள் நீல நிறத்தில் இருக்கின்றன.

இன்று அந்தச் சொற்கள் எதையும் என் வாயால் சொல்வதில்லை என்று இருக்கிறேன். சொல் முந்திக்கொண்டால் கண் பார்ப்பதை விட்டுவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. பல வருடங்கள்.

*

பேசினில் அரை லிட்டர் தண்ணீர். குழாயில் பிடித்தது. தாமிரபரணி.

பொதிகையில் இறங்குகிற ஆறு. ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அதில் கொஞ்சம் வழியில் திரும்பி இந்தக் குழாய்க்கு வருகிறது. இப்போது பேசினில் நிற்கிறது. மேலே ஒரு துண்டு வானம் அசைகிறது.

உப்பு, மூன்று தேக்கரண்டி. கடலில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கிறது. அரை லிட்டருக்கு இது போதும்.

சின்னவன் கையை விட்டுக் கலக்குகிறான். முதலில் விரலுக்கடியில் நறநறவென்கிறது. பிறகு இல்லை. உப்பு கரைந்த பிறகும் கை சுற்றிக்கொண்டே இருக்கிறது.

விரலை எடுத்து நாக்கில் வைக்கிறான். முகம் சுருங்குகிறது.

"கடலு."

*

மஞ்சள்தூள் விழுகிறது. மிதக்கிறது. மெல்ல இறங்குகிறது. தண்ணீர் நிறம் மாறுகிறது.

"கடல் மஞ்சளா இருக்காதே அத்த."

இருக்காது.

அவள் வேறு காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

*

பித்தளைக் கிண்ணம் பேசினின் நடுவில், காலியாக. அதன் விளிம்பு தண்ணீருக்கு மேலே. பேசினின் விளிம்புக்குக் கீழே.

கண்ணாடித்தாளை மேலே விரித்து நூலால் சுற்றிக் கட்டுகிறோம். நூல் நழுவுகிறது. மறுபடி கட்டுகிறோம். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுகிறாள்.

சங்கு தாளின் நடுவில் உட்காருகிறது. தாள் அந்த இடத்தில் குழிகிறது. குழியின் நுனி கிண்ணத்துக்கு நேர் மேலே.

அவ்வளவுதான். இனிச் செய்ய ஒன்றும் இல்லை.

*

எட்டு மணி. ஒன்றும் இல்லை.

எட்டேகால். ஒன்றும் இல்லை.

"எப்ப வரும்?"

தெரியாது.

தெரியாது என்று சொன்னதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். பதில் கிடைத்திருந்தால் இறங்கிப் போயிருப்பான் என்று நினைக்கிறேன். தோள் என் முழங்கையில் படுகிறது. வெதுவெதுப்பாக இருக்கிறது.

*

கொடியில் ஒரு துண்டு காய்கிறது. கீழ் ஓரத்தில் மட்டும் ஈரம். அது மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குறைகிறது.

*

சின்னவன் வாளிக்குள் காலை விட்டு எடுத்து நடக்கிறான். தளத்தில் ஈரத் தடங்கள். ஐந்து விரல், ஒரு குதிகால்.

திரும்பிப் பார்ப்பதற்குள் முதல் தடத்தின் விரல்கள் இல்லை.

மறுபடி நனைக்கிறான். நடக்கிறான். ஓடிவந்து முதல் தடத்தின் முன்னால் குந்துகிறான். ஓரங்கள் உள்ளே வருகின்றன. குதிகால் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வருகிறது. பிறகு தளம் மட்டும்.

"எங்க போச்சு?"

கையை மேலே காட்டுகிறேன். அண்ணாந்து பார்க்கிறான். அங்கே நீலம்தான் இருக்கிறது. அவனுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் மேலே பார்க்கிறோம்.

*

தாளின் உட்புறம் மங்குகிறது. பால் படிந்தது போல.

சின்னவன் உள்ளங்கையால் துடைக்கிறான். போகவில்லை. மறுபடி துடைக்கிறான்.

"உள்ள இருக்கு" என்கிறாள் பெரியவள். குரல் தாழ்ந்திருக்கிறது.

*

பத்து மணிக்குக் கடற்காற்று. தாள் படபடக்கிறது. ஒரு மூலை அவிழ்கிறது.

மங்கல் ஒரே மூச்சில் போய்விடுகிறது. தாள் பழையபடி தெளிவாக இருக்கிறது. இரண்டு மணி நேரம்.

பெரியவளுக்குக் கண் கலங்குகிறது. தேற்ற வாய் வரவில்லை. போன தண்ணீர் எங்கும் போய்விடவில்லை என்பது தெரியும். அதை இப்போது சொன்னால் பாடம் ஆகிவிடும்.

நூலை எடுத்து மறுபடி கட்டுகிறோம். இந்தத் தடவை இரண்டு சுற்று.

*

கீழே குக்கர் விசில் அடிக்கிறது. மூவரும் இறங்குகிறோம்.

விசிலின் மூக்கிலிருந்து வெள்ளையாகச் சீறுகிறது. உற்றுப் பார்த்தால், மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றும் இல்லை. வெறும் காற்று போல.

ஆவி அந்த ஒன்றுமில்லாத இடம்தான். வெள்ளையாகத் தெரிவது ஏற்கெனவே தண்ணீராகத் திரும்பிவிட்டது. பொடிப் பொடித் துளிகள்.

நாற்பது வருடம் அந்த வெள்ளையைத்தான் ஆவி என்று நினைத்திருக்கிறேன்.

*

அம்மா அடுப்படியில் இருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஆச்சி. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக. முந்தானையால் ஒற்றிக்கொள்கிறாள்.

மூலையில் மண்பானை. வெளிப்புறம் ஈரமாக இருக்கிறது. கையை வைத்தால் குளிர்கிறது. பானையின் மேனியில் கசிகிற தண்ணீர் காற்றோடு போகிறது. போகும்போது சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருப்பது குளிர்கிறது.

வியர்வையும் அப்படித்தான்.

*

மறுபடி மாடி. தாள் மங்கியிருக்கிறது. மங்கல் இப்போது புள்ளிகளாக இருக்கிறது. புள்ளிகள் ஒன்றை ஒன்று தொடுகின்றன. தொட்டதும் ஒன்றாகின்றன. சத்தமே இல்லாமல்.

ஒரு மேகத் துளியின் குறுக்களவு 0.02 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மழைத்துளி இரண்டு மில்லிமீட்டர். பத்து லட்சம் மேகத் துளிகள் கூடினால் ஒரு மழைத்துளி.

பெரியவள் புள்ளிகளை எண்ணத் தொடங்குகிறாள். நாற்பதுக்கு மேல் அவை இடம் மாறுகின்றன. எண்ணுவதை விட்டுவிடுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

*

மேகத் துளி சும்மா கூடுவதில்லை. பற்றிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். கடலுக்கு மேலே அது பெரும்பாலும் உப்பு. அலை உடைந்து தெறிக்கும்போது காற்றில் ஏறிவிட்ட மிகச் சிறிய உப்புப் பொடி.

உதட்டில் கரிப்பது அதுதான்.

*

பதினொன்று நாற்பது.

ஒரு துளி சரிவில் நகர்கிறது. நிற்கிறது. பக்கத்துத் துளியைச் சேர்த்துக்கொள்கிறது. கனமாகிறது. சங்கின் கீழே, குழியின் நுனியில், தொங்குகிறது.

அதற்குள் வானம் தலைகீழாக இருக்கிறது.

மூச்சு விடவில்லை. யார் மூச்சு என்று தெரியவில்லை.

விழுகிறது.

"விழுந்துட்டு!" பெரியவள்.

சின்னவன் அந்த நேரத்தில் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்புகிறான். கிண்ணத்தில் ஒரு சொட்டு. அது வந்ததை அவன் பார்க்கவில்லை.

அழவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைக் கையில் ஏந்தி, அடுத்ததற்குக் காத்திருக்கிறான். தளம் இப்போது சுடுகிறது. கீழே சாக்கை விரித்துக் கொடுக்கிறேன்.

*

காற்றில் ஏறிய நீர் சராசரியாக ஒன்பது நாள் அளவில் வானத்தில் இருக்கிறது. பிறகு இறங்குகிறது. கடலுக்குள் போனால் மறுபடி ஏறுவதற்குச் சராசரியாக மூவாயிரம் ஆண்டு.

வானத்தில் உள்ள நீராவி அத்தனையும் ஒரே சமயத்தில் இறங்கினால், பூமி முழுக்க ஓர் அங்குல உயரத்துக்கு நிற்கும். அவ்வளவுதான் மேலே இருக்கிறது.

இரண்டாவது துளி. இதை அவன் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை.

*

1687இல் எட்மண்ட் ஹாலி ஒரு கணக்கை அச்சிட்டிருக்கிறார். அவர் பேரால் வால்நட்சத்திரம் இருக்கிறதே, அவர்தான். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, கடலில் உள்ள அளவுக்கு உப்புப் போட்டு, கோடை வெயில் அளவுக்கு மட்டும் சூடாக்கி, தராசில் தொங்கவிட்டிருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் அரை அவுன்ஸ் அளவு எடை குறைந்திருக்கிறது. அதிலிருந்து மத்தியதரைக் கடலில் ஒரு நாளில் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டார்.

தராசில் ஒரு தட்டு. பக்கத்தில் ஒரு மனிதர். இரண்டு மணி நேரம். அந்த அறையில் என்ன சத்தம் இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

*

நண்பகல். நிழல் காலடியில். பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு நான் மட்டும் படிக்கட்டு நிழலில்.

துளி விழும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். தாளுக்குள் நடப்பது கேட்கவில்லை. தூரத்தில் லாரி. பனை மட்டை உரசும் சத்தம். என் காதுக்குள் இரத்தம்.

ஒரு எண்ணம் வருகிறது. போகிறது. அதன் ஈரம் கொஞ்ச நேரம் இருக்கிறது.

*

மூன்று மணி. பெரியவள் தலை வாரிப் பின்னிக்கொண்டு வருகிறாள். தாள் முழுவதும் துளிகள். பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருக்கிறாள்.

"அத்த, அன்னைக்கு வந்த மழையும் இப்படித்தான் ஏறிச்சா?"

எந்த மழை என்று நான் கேட்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். இந்த மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைப்பதே 65 சென்டிமீட்டர் அளவுதான். வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். கட்டிலின் மேல் மேசை போட்டு, மேசை மேல் அவளை உட்கார வைத்திருந்தோம். தண்ணீரில் அவளுடைய புத்தகப் பை மிதந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா."

"இவ்ளோ மெதுவாவா?"

"இவ்ளோ மெதுவாத்தான்."

அவள் விரல் தாளுக்கு மேலே நிற்கிறது. தொடவில்லை.

*

வான்சிறப்பும் அவளுக்கு மனப்பாடம். மேகம் எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் கடலும் குறைந்துபோகும் என்று அதில் ஒரு குறள். பதினேழாவது. சொல்லி முடிக்கிறாள்.

சொல்லிவிட்டுக் குனிந்து பேசினைப் பார்க்கிறாள்.

*

ஐந்து மணி. வெயில் சாய்கிறது. நூலை அவிழ்க்கிறோம்.

சங்கை எடுத்துச் சின்னவன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். தாளை மெல்லத் தூக்குகிறேன். ஓரத்தில் இருந்த துளிகள் பேசினுக்குள்ளேயே விழுந்து மஞ்சளோடு சேர்கின்றன.

கிண்ணத்தில் நான்கைந்து தேக்கரண்டி இருக்கும். அடியில் பித்தளை தெரிகிறது. மஞ்சள் இல்லை.

"ஏன் மஞ்சளா இல்ல?" சின்னவன்.

பெரியவள் வாய் திறக்கிறாள். ஆவியாதல் என்று வருகிறது. ஆவி சுருங்குதல் என்று வருகிறது. மெதுவாக, ஒவ்வொன்றாக.

கண் திறந்திருக்கிறது.

*

அவள் விரலை நனைத்து நாக்கில் வைக்கிறாள். சின்னவன் வைக்கிறான். மறுபடி வைக்கிறான். காலையில் சுளித்த முகம் இப்போது சும்மா இருக்கிறது.

இருவரும் கிண்ணத்தை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் நின்று.

*

ஆச்சி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். பாதத்தில் வெடிப்புகள். வெடிப்பின் ஓரங்கள் வெள்ளையாக, கெட்டியாக.

முப்பது வருடத்துக்கு மேல் உப்பளம். விடிவதற்கு முன்னால் போய்விடுவாள். கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்று பாத்தியில் உப்பு வாருவாள். வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தும். சுற்றிலும் தண்ணீர். குடிக்க வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் கொண்டுபோவாள். பாட்டில் சூடாகிவிடும். அதைத்தான் குடிக்க வேண்டும்.

பாத்தியில் கட்டிய தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். குறையக் குறைய உப்பு விளையும். எல்லாரும் உப்பைப் பார்ப்பார்கள். போன தண்ணீரைப் பற்றி யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

மழைக்காலத்தில் வேலை இருக்காது. விளைந்து கிடக்கிற உப்பு ஒரு மழையில் கரைந்துவிடும். அவள் அடிக்கடி சொல்வாள்: மழை வந்தா சோறு இல்ல, வரலன்னா தண்ணி இல்ல.

*

"ஆச்சி, குடி."

"என்னது?"

"குடி."

கிண்ணத்தை வாங்குகிறாள். மூக்கருகே கொண்டுபோகிறாள். ஒரு மிடறு. வாய்க்குள் வைத்திருக்கிறாள். கன்னம் அசையவில்லை. விழுங்குகிறாள்.

"நல்ல தண்ணி."

"அதுல மூணு கரண்டி உப்புப் போட்டோம் ஆச்சி."

அவள் கிண்ணத்தைப் பார்க்கிறாள். உள்ளே, அடியை. பிறகு பிள்ளைகளை. பிறகு வாசலைத் தாண்டித் தெற்கே.

கிண்ணம் அவள் மடியில் இருக்கிறது. வெகுநேரம் இருக்கிறது.

பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள்.

*

இரவு. மாடியில் பாய். தளம் இன்னும் சூட்டை விடுகிறது. முதுகில் தெரிகிறது.

நட்சத்திரங்கள் மங்கலாக. கடற்காற்று ஈரமாக இருக்கிறது. கைப்பிடிச் சுவரைத் தொட்டால் பிசுபிசுக்கிறது.

தண்ணீர் இருக்கிறது. பார்க்க முடியவில்லை.

*

பேசினைத் திறந்தே விட்டுவைத்திருக்கிறோம். பகலில் வெயில். இரவில் ஒரு வலைத்துணி.

இரண்டாம் நாள், ஒரு விரல் குறைகிறது. பேசினின் உட்சுவரில் ஒரு வெள்ளைக் கோடு.

மூன்றாம் நாள், இன்னொரு கோடு.

உப்பு வரவில்லை. சின்னவன் தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். கடல் நீர் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகுதான் உப்பு விளையத் தொடங்கும். அவனிடம் சொல்லவில்லை. ஆச்சிக்கு அது தெரியும். எண்ணில் இல்லை, கண்ணில். நான்காம் நாள் மாடிக்கு வந்து, குனிந்து, "நாளைக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறாள்.

*

ஐந்தாம் நாள் காலை.

பேசினின் அடியில் சதுரம் சதுரமாக. சிறியவை, மிகச் சிறியவை. மஞ்சள் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வெயில் படும் பக்கம் மின்னுகிறது. சின்னவன் ஒன்றை விரல் நுனியில் ஒட்டி எடுத்து உயர்த்திப் பிடிக்கிறான்.

"பெட்டி."

ஆறு பக்கமும் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

ஆச்சி பக்கத்தில் குந்துகிறாள். புறங்கையை வைத்து உப்பைத் தன் பக்கமாக இழுக்கிறாள். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. தோள் அதற்கென்றே அசைகிறது. பேசினின் ஓரத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் அம்பாரம்.

அடியில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. மணி ஏழரை. வெயில் இன்னும் மாடிக்கு முழுவதும் வரவில்லை.